முக்கொம்பும் ரெண்டு கூடை சருகும்

ரொம்ப நாள் கழிச்சு எழுதறேன் மக்களே. கோபத்தில எழுதறேன், அங்கங்க சூடு இருந்தா பொறுத்துக்கோங்க. கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள் "இது உங்க வீட்டுச் சண்டை"ன்னு ஒதுங்கிட வேண்டாம். சாமி பேரை மட்டும் மாத்திப் போட்டா உங்க வீட்டுக்கும் பொருந்தும்.

போன மாசம் ஒரு ஞாயிறு ஆராதனை. வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். தலைப்பு, கொஞ்சத்தில் உண்மையாக இருப்பது. அட, நல்ல தலைப்பாச்சேன்னு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு சாட்சி சொன்னார். யாரோ ஒருத்தர் வாலிப வயசில் கோயில் பெருக்கினாராம். பத்து வருஷம் யார் கண்ணுக்கும் தெரியாம பெருக்கினாராம். கர்த்தர் அவரை உயர்த்தினாராம். இன்னிக்கு மூணு கம்பெனி, ரெண்டு காராம். சபை மொத்தமும் கை தட்டுச்சு. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

இப்ப அந்தக் கோயிலை யார் பெருக்கறாங்க?

இதுதான் என் பிரச்சினை. இயேசு சொன்ன ஒரு எளிய உண்மையை நாம சீட்டுக் கம்பெனி ஆக்கிட்டோம். கொஞ்சத்தைக் கட்டு, முதிர்வுல நிறைய வாங்கிக்கோ. சின்ன வேலை என்பது பெரிய வேலைக்கு இண்டர்வியூ. விளக்குமாறு என்பது மைக்குக்குப் போகிற வழி. அப்படி நம்புகிறவன் மைக் கிடைச்ச அன்னிக்கு விளக்குமாறைக் கீழே போட்டுடுவான். போட்டுட்டும் இருக்கான்.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கறேன்னா, போட்டவர்களில் நானும் ஒருத்தன்.

எங்க கோயில் பழைய கட்டடம். வெஸ்ட்ரி ரூமுக்கு மேலே மழைத்தண்ணி ஓடுற ஒரு தகரக் கால்வாய் உண்டு. பக்கத்திலேயே பெரிய வேப்பமரம். ஐப்பசி மழைக்கு முன்னாடி அந்தத் தகரத்தில் விழுந்து கிடக்கிற சருகை அள்ளணும். அள்ளினா ரெண்டு கூடை வரும். ஒரு மணி நேர வேலை. இதை ஒரு அண்ணன் வருஷா வருஷம் செஞ்சுட்டு வந்தார். மணி அடிக்கிறது, பெஞ்சு துடைக்கிறது, பாட்டு நம்பர் பலகை மாத்துறது எல்லாம் அவர்தான். சருகு அள்ளச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு போட்டதில்லை. அவர் அள்ளுறார்னே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் காலமாகி அடக்கம் பண்ணின அன்னிக்கு அவரைப் பற்றி நாங்க பேசினதில் இது வரவே இல்லை.

அவர் போய் முதல் வருஷம் ஒண்ணும் ஆகலை. ரெண்டாம் வருஷம் சுவர்ல ஈரம் தெரிஞ்சது. அப்ப நான் கமிட்டியில் செயலாளர். ஒரு அம்மா வந்து, "தம்பி, வெஸ்ட்ரி ரூம்ல பூஞ்சை வாடை அடிக்குது, கொஞ்சம் என்னன்னு பாருங்க"ன்னு சொன்னாங்க. "அடுத்த மாசம் பார்க்கலாம்மா"ன்னு சொன்னேன். அந்த மாசம் நாங்க வாசலுக்கு ஆர்ச் கட்டுற வேலையில் மும்முரமா இருந்தோம். ஆர்ச்சில் யார் பேர் முதலில் வரணும்னு மூணு கூட்டம் போட்டுப் பேசினோம். நிஜமாத்தான் சொல்றேன், மூணு கூட்டம்.

ஒரே ராத்திரி கனமழை. தண்ணி தகரத்தில் தேங்கி, சுவர் வழியா இறங்கி, மர பீரோவுக்குள்ள போயிடுச்சு. உள்ளே இருந்தது ஞானஸ்நானப் பதிவேடு. அறுபதுகளின் பக்கங்கள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, நீல மசி கரைஞ்சு, களி மாதிரி ஆயிடுச்சு.

"போகட்டும், பழைய பேப்பர்தானே" என்றார் ஒரு கமிட்டி மெம்பர். மூணு மாசம் கழிச்சு அதே அம்மா வந்தாங்க, பூஞ்சை வாடைன்னு சொன்னவங்களேதான். ஆதார் அட்டையில் அவங்க வயசை ஆறு வருஷம் குறைச்சலாப் பதிஞ்சிருக்காங்க. முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டா, வயசு பத்தாதுன்னு திருப்பி அனுப்பறாங்க. பள்ளிக்கூடச் சான்றிதழ் கிடையாது, பள்ளிக்கூடமே போனதில்லை. "கோயில்ல என் பேரு எழுதியிருக்கும் தம்பி. எங்க அம்மா சொல்லும். பொறந்த தேதியோட எழுதினாங்களாம்"னாங்க.

எழுதித்தான் இருந்தது. அந்தப் பக்கத்தைத்தான் நாங்க ரெண்டு கூடை சருகுக்கு விலையா கொடுத்துட்டோம்.

நிற்க. முக்கொம்பு எங்கே வருதுன்னு கேட்பீங்க.

அதுக்கு அடுத்த வாரம் மனசு சரியில்லாம பைக்கை எடுத்துக்கிட்டுக் கரூர் ரோட்டில் ஜீயபுரம் தாண்டிப் போயிட்டேன். திருச்சிக்காரனுக்கு மனசு சரியில்லைன்னா ஒண்ணு மலைக்கோட்டை, இல்லைன்னா முக்கொம்பு. தெரியாத வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்றேன். திருச்சிக்கு மேற்கே ஏறக்குறைய 18 கிலோமீட்டரில் காவிரி இங்கேதான் ரெண்டாப் பிரியுது. தெற்கே போறது காவிரி, வடக்கே போறது கொள்ளிடம். நடுவில் உருவாகிற தீவில்தான் ஸ்ரீரங்கம். ஞாயித்துக்கிழமை பார்க், வறுத்த மீன், குழந்தைங்க ஊஞ்சல்னு கூட்டம் அலைமோதும். அணையை யாரும் பார்க்க மாட்டாங்க. அது பாட்டுக்கு நிக்கும்.

2018 ஆகஸ்ட் 22 ராத்திரி அது நிக்கலை. கொள்ளிடம் பக்கத்து 45 கதவுகளில் 9 கதவுகள் தூண்களோட இடிஞ்சு ஆத்துல போயிடுச்சு. கவனிங்க, பெருவெள்ளம் உச்சத்தில் இருந்தப்ப இடியலை. வெள்ளத்தை எல்லாம் தாங்கிட்டு, தண்ணி தணிஞ்சு வந்த நேரத்தில் இடிஞ்சது. அப்புறம் ராப்பகலா மணல் மூட்டையும் பாறாங்கல்லும் போட்டு அடைச்சாங்க. பிறகு பக்கத்திலேயே சுமார் 387 கோடி ரூபாயில் புதுக் கதவணை கட்டினாங்க.

ஏன் இடிஞ்சது? 182 வருஷப் பழசுன்னாங்க அதிகாரிகள். ஆத்துல மணலை அள்ளி அள்ளி அடித்தளத்தை வலுவிழக்க வெச்சுட்டாங்கன்னாங்க விவசாயிகள். பராமரிப்பே இல்லைன்னு இன்னொரு குரல். எது எத்தனை பங்குன்னு தீர்ப்புச் சொல்ல நான் இஞ்சினியர் இல்லை. ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு நிச்சயம். கட்டடம் ஒரே நாளில் பழசாகிறதில்லை. மணலும் ஒரே நாளில் காணாமப் போறதில்லை, லாரி லாரியாத்தான் போகும். லாரி ஓட்டினவர், பர்மிட்டில் கையெழுத்துப் போட்டவர், செக் போஸ்ட்டில் வேற பக்கம் பார்த்தவர், கணக்கில் ஒரு நடையைக் குறைச்சு எழுதினவர்... இவங்களில் ஒருத்தர்கூட ஞாயித்துக்கிழமை என் பக்கத்து பெஞ்சில் உட்காரலைன்னு என்னால் சொல்ல முடியுமா? வண்டிக் கண்ணாடியில் வசனம் ஒட்டியிருந்தா லோடு குறைஞ்சுடுமா? ஒவ்வொருத்தரும் செஞ்சது "சின்ன" தப்புத்தான். கொஞ்சத்தில் அநியாயம் செய்கிறவன் பெரியதிலும் அப்படித்தான்னு ஆண்டவர் சொன்னதோட அர்த்தம் எனக்கு அந்தப் பாலத்தில் நின்னப்பதான் உறைச்சது. பெரிய அநியாயம்னு தனியா ஒண்ணு கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா சேர்றதுதான் அது.

இந்த அணையைக் கட்டினவர் ஆர்தர் காட்டன். 1803-இல் பிறந்து 1899-இல் இறந்த ஆங்கிலேய ராணுவ இஞ்சினியர். ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. கோதாவரியில் தவளேஸ்வரம் அணை கட்டியதால் ஆந்திராவில் இன்னிக்கும் சிலை வெச்சுக் கொண்டாடறாங்க. ஆனா அதுக்கு முன்னாடி அவர் கைபழகினது நம்ம ஊரில். அப்போ இங்கே நிலைமை என்னன்னா, கொள்ளிடத்தின் மட்டம் தாழ்வு, ஓட்டமும் நேர். அதனால் தண்ணி அந்தப் பக்கமே சாய, காவிரி மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயல் காயத் தொடங்கியிருந்தது. 1836-இல் இங்கே மேலணை, அதே வருஷம் கீழே அணைக்கரையில் கீழணை. தண்ணி திரும்பவும் காவிரிக்குத் திரும்புச்சு.

இதோட கதை முடிஞ்சிருந்தா நம்ம பிரசங்கியாருக்கு ஏத்த சாட்சி. ஆனா முடியலை. அணை கட்டினப்புறம் காவிரிப் பக்கம் தண்ணி அளவுக்கு மீறிப் போக ஆரம்பிச்சது. 1840களில் அதைத் திருத்த வேண்டியிருந்தது. இரும்புக் கதவுகள் எல்லாம் பிற்பாடு வந்ததுதான். கட்டினது சில வருஷம். கவனிச்சது நூத்தியெண்பது வருஷம். மண்ணு தள்ளினவங்க, கதவுக்கு எண்ணெய் விட்டவங்க, ராத்திரி விளக்கு வெச்சுக்கிட்டு நீர்மட்டம் பார்த்து எழுதின லஸ்கர்கள். கல்வெட்டில் ஒருத்தர் பேரும் இல்லை. இன்னொரு விஷயம். ஆழம் தெரியாத ஆத்து மணலில் அஸ்திவாரம் எப்படிப் போடறதுன்னு காட்டன் கத்துக்கிட்டது கல்லணையைப் பார்த்துத்தான். பாறையைப் போட்டு அது மணலில் புதைஞ்சதும், மேலே இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு. இதை அவரே மறைக்காம எழுதியிருக்கார். அப்போ கல்லணையில் முதலில் போட்ட பாறைகள் எங்கே? கண்ணுக்குத் தெரியாம மணலுக்கு அடியில. அதுங்க மேலதான் எல்லாம் நிக்குது.

இப்போ ஒரு வேடிக்கை சொல்றேன். விஞ்ஞானி டார்வின் சாகறதுக்கு முன்னாடி மனந்திரும்பி பைபிளைக் கையில் வெச்சிருந்தார்னு ஒரு கதை உங்களில் பலர் ஏதாவது ஒரு கன்வென்ஷனில் கேட்டிருப்பீங்க. 1915-இல் அமெரிக்காவில் ஒரு சபைப் பத்திரிகையில் வந்த கதை அது. சொன்னவங்க லேடி ஹோப் என்கிற அம்மா. டார்வினோட மகளே 1922-இல் "அப்படி ஒண்ணும் நடக்கலை, அப்பாவோட கடைசி நாட்களில் அந்த அம்மா பக்கத்திலேயே இல்லை" என்று மறுத்து எழுதிட்டாங்க. சரி, யார் இந்த லேடி ஹோப்? நம்ம முக்கொம்பு ஆர்தர் காட்டனின் சொந்த மகள்! அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை 1900-இல் புத்தகமா எழுதினதும் அவங்கதான்.

யோசிச்சுப் பாருங்க. அப்பா பல வருஷம் மணலோடயும் தண்ணியோடயும் மல்லுக்கட்டி லட்சக்கணக்கான பேருக்குச் சோறு போட்டார். அதைப் பற்றி ஒரு பிரசங்கம் நான் கேட்டதில்லை. மகள் சொன்ன, ஆதாரமில்லாத ஒரு மரணப்படுக்கைக் கதையை நூறு வருஷம் தாண்டியும் மேடையில் கேட்டுக்கிட்டே இருக்கேன். இதுதான் நம்ம ருசி. நமக்கு அற்புதம் வேணும், திருப்பம் வேணும், கைதட்டல் வேணும். உண்மையா இல்லையான்னு சரிபார்க்கிறதும் ஒரு சின்ன உண்மைதான், அது நமக்கு வேண்டாம். ஒரு சாட்சியைச் சொல்றதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் விசாரிக்காதவன், கொஞ்சத்தில் உண்மையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசறான்!

நம்ம ஊரில் இதுக்கு எதிர் உதாரணமும் உண்டு. மலைக்கோட்டைப் பக்கத்தில் இருக்கிற கிறிஸ்து நாதர் ஆலயத்தை 1766-இல் கட்டின சுவார்ட்ஸ் ஐயர். ஐதர் அலியிடம் தூது போனவர்னு எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிசாத் தெரியறது வேற. 1780களின் தொடக்கத்தில், ஐதர் படையெடுப்பு சமயத்தில், தஞ்சாவூர்க் கோட்டையில் பஞ்சம். வெளியே நெல் இருக்கு, கொண்டுவர மாடு இல்லை. மாடு வெச்சிருக்கிற குடியானவங்க வர மாட்டேன்னுட்டாங்க. ஏன்னா முன்னாடி வந்தவங்களுக்குக் கூலி கொடுக்கலை. ராஜா சொன்னாலும் நம்பத் தயாரில்லை, கம்பெனி சொன்னாலும் நம்பத் தயாரில்லை. கடைசியில் சுவார்ட்ஸ் "காசுக்கு நான் பொறுப்பு" என்றார். மாடும் வந்தது, நெல்லும் வந்தது. அவரும் சொன்னபடி கூலியைக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு எங்கிருந்து வந்தது? ஒரே நாளில் வந்திருக்காது. வாங்கினதைத் திருப்பிக் கொடுத்து, சொன்னதைச் செஞ்சு, சில்லறைக் கணக்கில் சேர்ந்த மதிப்பு அது.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார்னு தெரியும். "ஐயா, சின்ன வேலையை விசுவாசமாச் செய்னு சொல்லிச் சொல்லித்தானே ஏழையை ஏழையாவே வெச்சிருக்கீங்க? பெருக்குறவன் பெருக்கிட்டே இருக்கணும், பிரபு உட்கார்ந்துட்டே இருக்கணும், அதுக்கு ஒரு வசனமா?"

நியாயமான கேள்வி. அந்தப் பாவம் நடந்திருக்கு, நடக்குது. தாழ்மையைப் பற்றிப் பிரசங்கிக்கிற கமிட்டியே, கோயில் பெருக்குற அக்காவுக்கு ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி வெச்சிருக்கிறதைப் பார்த்திருக்கேன். அப்போ அங்கே சின்ன வேலையில் உண்மை தவறினது யாரு? பெருக்கின அக்கா இல்லை. சம்பளக் கவரில் பணம் போட்டு முதல் தேதி கொடுக்க வேண்டியது ஒரு சின்ன வேலை, அதைச் செய்யாத கமிட்டிதான் தவறினது. இந்த வசனம் கீழே இருக்கிறவனுக்கு முன்னாடி மேலே இருக்கிறவனுக்குச் சொன்னது.

நம்பாதவங்க நெகேமியா மூணாம் அதிகாரத்தை எடுத்துப் படிங்க. யாரும் பிரசங்கம் பண்ணாத அதிகாரம். எருசலேம் மதிலை யார் யார் எந்த எந்தத் துண்டு கட்டினாங்கன்னு ஒரு நீளப் பட்டியல். கதவு, பூட்டு, தாழ்ப்பாள்னு திரும்பத் திரும்ப வரும். பொதுப்பணித்துறை மராமத்து ரிஜிஸ்டர் மாதிரியே இருக்கும். அதில் குப்பைமேட்டு வாசலைப் பழுது பார்த்தவர் மல்கியா. கூலிக்காரர் இல்லை, ஒரு பகுதிக்கே பிரபு. ஊர்க் குப்பை போகிற வாசலுக்குக் கதவு போட்டு, தாழ்ப்பாள் போட்டிருக்கார். அதே பட்டியலில் தெக்கோவா ஊரார் வேலை செஞ்சாங்க, ஆனா அவங்க ஊர்ப் பெரிய மனுஷங்க குனியலைன்னும் எழுதியிருக்கு. ரெண்டும் பதிவாயிருக்கு. மல்கியாவுக்கு அப்புறம் பதவி உயர்வு கிடைச்சதான்னு ஒரு வார்த்தையும் இல்லை. வாசல் நின்னது. அவ்வளவுதான் கணக்கு.

நான் சொல்ல வர்றது இதுதான். சின்ன வேலை பெரிய வேலைக்குப் படிக்கட்டு இல்லை. அந்த வேலைதான் வேலை. அதுக்குப் பலன் கேட்டா, அந்த வேலை ஒழுங்கா நடந்ததுதான் பலன். அந்த அண்ணன் சருகு அள்ளின முப்பது வருஷத்துக்கு அவருக்குக் கிடைச்ச சம்பளம் என்ன? முப்பது வருஷம் அந்தப் பதிவேடு நனையலை. ஒரு நாளும் எதுவும் "நடக்கலை". நடக்காத விஷயத்துக்கு யார் சாட்சி சொல்லப் போறாங்க?

நம்மையும் சேர்த்துத்தான் சொல்றேன் நண்பர்களே. எழுதினதும் எத்தனை பேர் படிச்சாங்கன்னு எண்ணிப் பார்க்கிற ஜாதிதானே நாம. போட்ட தகவலில் தப்புன்னு ஒருத்தர் சொன்னா, போய்த் திருத்தறோமா? இல்லை, பழைய பதிவுதானே, யார் பார்க்கப் போறான்னு விட்டுடறோமா? நான் விட்டிருக்கேன். இதை எழுதறதுக்கு முன்னாடி அப்படி ரெண்டைத் திருத்திட்டுத்தான் வந்தேன்.

ஆராதனை முடிஞ்சு அந்தப் பிரசங்கியாரிடம் போய்க் கேட்டேன். "ஐயா, அந்தக் கோயிலை இப்ப யார் பெருக்கறாங்க?" சிரிச்சுட்டு, "நல்ல கேள்வி தம்பி" என்றார். பதில் சொல்லலை. கார் காத்துக்கிட்டு இருந்தது. அவரைக் குத்தம் சொல்ல எனக்குப் பெரிய யோக்கியதை இல்லை. "அடுத்த மாசம்" என்று சொன்ன வாய் என்னுது.

இந்த வருஷம் புரட்டாசிக் கடைசியில் ஏணி போட்டு நான்தான் ஏறினேன். முட்டி வலி. ரெண்டு கூடை இல்லை, மூணு கூடை வந்தது, ரெண்டு வருஷச் சருகு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நினைச்சேன், இப்ப இங்கே சொல்லிட்டேன். இதிலயும் தோத்தேன் :-)

அந்த அம்மா விஷயம் இன்னும் முடியலை. பதிவேட்டுப் பக்கங்களைப் பிரிச்சு எடுக்க முடியுமான்னு ஒருத்தரிடம் கொடுத்துப் பார்த்தோம், அவங்க பேர் இருந்த பக்கம் தேறலை. வேற சான்று தேடி அலுவலகம் அலுவலகமா நடக்கிறோம். ஒவ்வொரு தடவையும் நான் கூடப் போறேன். போன செவ்வாய்க்கிழமை வரிசையில் நிக்கும்போது, "உங்களுக்கு வேலை கெடுது தம்பி, நீங்க போங்க"ன்னாங்க. இதுதாம்மா வேலைன்னு சொல்ல நினைச்சேன். வாய் வரலை. "டோக்கன் நம்பர் கூப்பிடறாங்களான்னு பாருங்கம்மா"ன்னு மட்டும் சொன்னேன்.

வர்ற செவ்வாய் மறுபடி போகணும்.

பி.கு: உங்க கோயிலோ, பள்ளிக்கூடமோ, ஊர்ச் சங்கமோ, எதுவா இருந்தாலும் சரி. பழைய பதிவேடு எங்கே இருக்கு, அதுக்கு மேலே கூரை எப்படி இருக்குன்னு இந்த வாரம் ஒரு தடவை எட்டிப் பாருங்க. மழை வருது.